கணிப்பொறி அறிஞர் கேரி கில்டால்

மாடமாளிகையைக் காண்போர் அதன் கோபுரத்தைப் போற்றுவர், தூண்களைப் போற்றுவர், சுவரில் தீட்டிய ஓவியங்களைப் போற்றுவர். மண்ணுக்குள் மறைந்து நின்று அனைத்தையும் தாங்கும் அடித்தளத்தை எவரும் நோக்குவதில்லை. அறிவியல் உலகிலும் அடித்தளம் போன்ற பணியைச் செய்துவிட்டு, அப்பணிக்குள்ளேயே தம் பெயர் மறைந்துபோகக் கண்ட பெருமக்கள் சிலர் உளர். அவர்களுள் ஒருவர் கேரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர்.

இன்று வீடுகளில் கணிப்பொறியும் கைகளில் செல்பேசியும் இடம்பெற்றுவிட்டன. எழுதுவதற்கு ஒன்று, கணக்கிடுவதற்கு ஒன்று, படம் வரைவதற்கு ஒன்று என நமக்கு வேண்டிய மென்பொருள்களை நாமே தேர்ந்தெடுத்துக் கருவியில் நிறுவிக்கொள்கிறோம். கருவியைச் செய்தவர் ஒருவர். மென்பொருளை எழுதியவர் மற்றொருவர். இருவரும் ஒருவரையொருவர் கண்டதும் இல்லை. கலந்து பேசியதும் இல்லை. ஆயினும் ஒருவர் எழுதிய மென்பொருள் மற்றவர் செய்த கருவியில் தடையின்றி இயங்குகிறது. இவ்வியப்பு எவ்வாறு இயல்வதாயிற்று? சிறு கணிப்பொறிகளின் உலகில் இதற்கு முதன்முதல் வழி அமைத்தவர்களுள் தலையாயவர் கில்டால். அவருடைய வாழ்க்கை, அறிவின் ஆக்கத்தையும் உலகியலின் போக்கையும் ஒருங்கே காட்டும் வரலாறாகும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் வடமேற்கில் வாஷிங்டன் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் பெரிய துறைமுக நகரம் சியாட்டில். அந்நகரில் 1942 ஆம் ஆண்டு மே திங்கள் 19 ஆம் நாள் கில்டால் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் கப்பல் செலுத்தும் கலையைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றை அந்நகரில் நடத்தி வந்தனர். நான்கு திசையிலும் நீரன்றி வேறு காணாத நடுக்கடலில், தம் கப்பல் எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கதிரவனையும் விண்மீன்களையும் அளந்து மாலுமிகள் கணித்தறிதல் வேண்டும். அதற்குக் கோணங்களைப் பற்றிய கடினமான கணக்குகள் தேவைப்படும். ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் கப்பல் வழிதவறும். இத்தகைய கணக்குகள் நாள்தோறும் பேசப்பட்ட சூழலில் கில்டால் வளர்ந்தார்.

பள்ளிப் பருவத்தில் அவர் முதன்மை மாணவராக விளங்கினார் அல்லர். ஏட்டுக் கல்வியைவிடப் பொறிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும் மீண்டும் பூட்டுவதிலுமே அவர் மனம் சென்றது. பள்ளிக் கல்வி முடிந்தபின் சில காலம் குடும்பத்தாரின் கப்பற்கலைப் பள்ளியிலேயே ஆசிரியராகப் பணி புரிந்தார். பிறர்க்குக் கற்பிக்கும்போதுதான் கற்றலின் இன்பம் அவருக்கு விளங்கிற்று. கணித ஆசிரியராக வேண்டும் என்னும் விருப்பத்தோடு அவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கிருந்த கணிப்பொறி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கணிதத்தில் தொடங்கிய கல்வி கணிப்பொறியியலிற் சென்று நிலைபெற்றது. பள்ளித் தோழியாக இருந்த டோரத்தி மெக்யூவன் என்பவரை அவர் மணந்துகொண்டார். பின்னாளில் கணவரின் தொழிலுக்குப் பெருந்துணையாக விளங்கியவர் இவ்வம்மையாரே ஆவர்.

அக்காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் படைப்பணி ஆற்றுதல் வேண்டும் என்னும் சட்டம் இருந்தது. கில்டால் கடற்படையைச் சார்ந்தார். போர்க்கப்பலில் ஏறும் கடமை அவருக்கு வாய்க்கவில்லை. கலிபோர்னியா மாநிலத்தில், மான்டெரே என்னும் கடற்கரை நகரில் உள்ள கடற்படை மேற்பட்டக் கல்லூரியில் கற்பிக்கும் கடமையே வாய்த்தது. கற்பித்துக்கொண்டே தாமும் கற்று, 1972 ஆம் ஆண்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். நிரல்களைத் திறம்பட மொழிபெயர்க்கும் முறை பற்றி 1973 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை, அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

நுண்செயலியின் தோற்றம்

அந்நாளில் கணிப்பொறி என்றால் பெரிய கூடங்களை நிறைத்து நிற்கும் பொறி என்றே பொருள். பல்கலைக்கழகங்களும் அரசு நிலையங்களும் பெருநிறுவனங்களுமே அதனை வாங்க இயலும். ஒருவர் தம் வீட்டில் கணிப்பொறி வைத்துக்கொள்வது கனவிலும் கருதப்படாத ஒன்று.

1971 ஆம் ஆண்டில் இன்டெல் என்னும் நிறுவனம் 4004 என்னும் எண்பெயர் கொண்ட நுண்செயலியை வெளியிட்டது. விரல் நகத்தினும் சிறிய சிலிக்கன் சில்லில் ஏறத்தாழ 2,300 மின்னணுப் பகுதிகள் அமைந்திருந்தன. பலர் அதனைக் கணக்கிடும் சிறு கருவிகளுக்கு உரிய உறுப்பாக மட்டுமே கருதினர். கில்டாலோ அதனை ஒரு முழுக் கணிப்பொறியின் வித்தாகக் கண்டார். தம் இளமையில் அறிந்த கப்பற் கணக்குகளை இச்சில்லினைக் கொண்டு செய்ய முடியுமா என்று ஆராய்ந்தார். ஆலம் வித்து சிறிதேயாயினும் அதனுள் அடங்கிய மரம் பெரிது என்பதை அவர் அறிவு உணர்ந்தது.

இன்டெல் நிறுவனம் அவரை அறிவுரையாளராக ஏற்றுக்கொண்டது. நுண்செயலிக்குக் கட்டளையிட வேண்டுமானால், மனிதர்க்கு எளிதில் விளங்காத எண்குறிகளை வரிசையாக எழுதுதல் வேண்டும் என்பதே அன்றைய நிலை. இந்த இடர்ப்பாட்டைக் குறைக்க, ஓரளவு ஆங்கிலச் சொற்கள் போன்ற கட்டளைகளால் நிரல் எழுதத்தக்க பிஎல்/எம் என்னும் மொழியை 1973 ஆம் ஆண்டில் கில்டால் உருவாக்கினார். நுண்செயலிகளுக்கு என ஆக்கப்பட்ட முதல் உயர்நிலை மொழிகளுள் இஃது ஒன்றாகும். தாம் பெற்ற கருவிகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து வைத்து, மாணவர்களும் அவற்றைப் பயன்படுத்திப் பழகும்படி செய்தார். தான் கற்றதைப் பிறர்க்கு ஈதல் அவருடைய பிறவிக் குணமாக இருந்தது.

வட்டும் இயங்குதளமும்

சிறு கணிப்பொறிக்கு அக்காலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. மின்னோட்டம் நின்றவுடன் அது நினைவில் வைத்திருந்தவை யாவும் மறைந்துவிடும். எழுதியவற்றைக் காப்பதற்குத் துளையிட்ட காகித நாடாவே துணை. அந்நாடாவோ மெல்ல ஓடும், எளிதிற் கிழியும். நடுவில் உள்ள ஒரு பகுதியைத் தேட வேண்டுமாயின் தொடக்கத்திலிருந்து ஓட்டுதல் வேண்டும். இதே காலத்தில் காந்தப்பூச்சுடைய நெகிழ்வட்டு என்னும் புதிய சேமிப்புப் பொருள் வழக்கிற்கு வந்திருந்தது. எட்டு அங்குல அளவுள்ள அவ்வட்டில் எங்கே வேண்டுமோ அங்கே நேரே சென்று எழுதலாம், படிக்கலாம்.

கில்டால் ஷுகார்ட் என்னும் நிறுவனத்தாரிடமிருந்து, சோதனைக்குப் பயன்பட்டுத் தேய்ந்த வட்டு இயக்கி ஒன்றைப் பெற்றார். ஆனால் அதனை நுண்செயலியோடு இணைக்கும் மின்சுற்று அவரிடம் இல்லை. மென்பொருளில் வல்லவரான அவர் மின்சுற்று அமைக்க முயன்று வெற்றி காணவில்லை. தம்மால் இயலாததை இயலும் ஒருவரிடம் ஒப்படைப்பதும் அறிவுடைமையே. பல்கலைக்கழக நண்பராகிய ஜான் டொரோடு என்பவர் அப்பணியை மேற்கொண்டு, 1974 ஆம் ஆண்டில் மின்சுற்றை அமைத்துக் கொடுத்தார். மான்டெரேயை அடுத்த பசிபிக் குரோவ் என்னும் சிற்றூரில், கில்டால் எழுதிய நிரலின்படி வட்டு இயங்கிற்று. அந்நிரலே சிபி/எம் என்னும் இயங்குதளமாகும். நுண்கணிப்பொறிகளைக் கட்டுப்படுத்தும் நிரல் என்பது அப்பெயரின் பொருள்.

இயங்குதளம் என்பது யாது? எட்டு அங்குல வட்டொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் வட்ட வடிவான 77 தடங்கள் இருந்தன. ஒவ்வொரு தடமும் 26 துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஆக மொத்தம் 2,002 துண்டுகள்; ஒவ்வொன்றிலும் 128 எழுத்துக்கள் அடங்கும். ஒரு கடிதத்தை எழுதி வைத்தவர், அஃது எத்தனையாவது தடத்தில் எத்தனையாவது துண்டில் உள்ளது என்பதைத் தாமே நினைவில் வைத்துக்கொள்ள இயலுமா? இயங்குதளம் அச்சுமையைத் தான் ஏற்றுக்கொண்டது. கடிதத்திற்கு ஒரு பெயர் இட்டால் போதும். வெற்றிடம் எங்குள்ளது என்று தேர்ந்து அங்கே எழுதுவதும், மீண்டும் அப்பெயரைச் சொன்னால் கொணர்ந்து தருவதும் அதன் வேலை. நூலகத்தில் நூலின் பெயரைச் சொன்னவுடன் அலமாரியிலிருந்து எடுத்துத் தரும் நூலகரைப்போல அது தொண்டாற்றியது.

இவ்வியங்குதளத்தை விலைக்கு வாங்கி விற்க இன்டெல் நிறுவனம் விரும்பவில்லை. ஆதலின் கில்டாலும் டோரத்தி அம்மையாரும் தாமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அதுவே பிற்காலத்தில் டிஜிட்டல் ரிசர்ச் என்று பெயர்பெற்றது. கில்டால் நிரல் எழுதினார். அம்மையார் வணிகத்தை நடத்தினார். பசிபிக் குரோவில் உள்ள அவர்கள் இல்லமே முதல் பணிமனையாக இருந்தது.

பொதுவும் சிறப்பும் பிரித்தமை

1975 ஆம் ஆண்டிலிருந்து பல நிறுவனங்கள் சிறு கணிப்பொறிகளைச் செய்து விற்கத் தொடங்கின. ஒன்றில் திரை இருக்கும். மற்றொன்றில் தட்டச்சுப் பொறி இணைக்கப்பட்டிருக்கும். ஒருவரது வட்டு இயக்கி மற்றவரது இயக்கியினின்று வேறுபடும். ஆகவே ஒவ்வொரு புதுப்பொறிக்கும் ஏற்ப இயங்குதளத்தைப் பல இடங்களில் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் என்னும் நிறுவனம் தன் பொறிகளுக்குச் சிபி/எம் வேண்டும் என்று கேட்டபோது, இத்திருத்த வேலை முடிவின்றி வளரும் என்பதைக் கில்டால் கண்டார்.

அப்போது அவர் மேற்கொண்ட முடிவே அவர் வாழ்வின் தலைசிறந்த செயல். இயங்குதளத்தை ஆராய்ந்து, எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான பகுதி எது, ஒவ்வொரு பொறிக்கும் சிறப்பாக உரிய பகுதி எது என்று அவர் பிரித்தார். கோப்புகளுக்குப் பெயரிடல், இடம் ஒதுக்கல், கட்டளைகளை ஏற்றல் போன்றவை பொது. விசைப்பலகையிலிருந்து ஓர் எழுத்தைப் பெறுதல், திரையில் ஓர் எழுத்தைக் காட்டுதல், வட்டில் ஒரு துண்டைப் படித்தல் போன்றவை சிறப்பு. சிறப்புப் பகுதியை மட்டும் தனியே எடுத்துச் சிறியதோர் அடுக்காக அமைத்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். அடிப்படையான உள்ளீட்டு வெளியீட்டு முறை என்பது அதன் விரிவு.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நாடு விட்டு நாடு வணிகம் செய்த முற்காலத்தில், வணிகர் பல மொழிகளைக் கற்றுக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு துபாஷியை அமர்த்திக்கொண்டனர். வணிகர் தம் மொழியிற் பேசினால் போதும். அவ்வூர் மக்களுக்கு விளங்கும்படி துபாஷி எடுத்துரைப்பான். பயாஸ் அத்தகைய துபாஷி. பொறி செய்வோர் அச்சிறு பகுதியை மட்டும் தம் பொறிக்கு ஏற்றவாறு எழுதிக்கொண்டால், மற்றப் பகுதி முழுவதும் மாற்றமின்றி அப்பொறியில் இயங்கும். இயங்குதளம் இயங்கினால் அதனை நம்பி எழுதப்பட்ட மென்பொருள் அனைத்தும் இயங்கும். அதுகாறும் ஒரு பொறிக்கென எழுதிய நிரல் அப்பொறியோடே நின்றது. இனிமேல் அது பொறி விட்டுப் பொறி செல்லலாயிற்று.

வீடுகளில் கணிப்பொறி

சிபி/எம் தொடக்கத்தில் 70 டாலருக்கு அஞ்சல் வழியாக விற்கப்பட்டது. பெருங்கணிப்பொறிகளின் மென்பொருளுக்குச் செலவாகும் பொருளை நோக்க இது மிகச் சிறிய தொகை. 16 கிலோபைட்டு நினைவகம் மட்டுமே உடைய பொறியிலும் அது இயங்கியது. தனி மனிதர் பலர் அதனை வாங்கித் தம் பொறிகளில் தாமே அமைத்துக்கொண்டனர்.

பொது அடித்தளம் அமைந்தவுடன் அதன்மேல் பலர் மாடங்களை எழுப்பினர். 1978 ஆம் ஆண்டில் வேர்டுஸ்டார் என்னும் எழுத்துப்பணி மென்பொருள் வெளிவந்தது. செய்திகளைத் தொகுத்துக் காக்கும் டிபேஸ், கணக்கு அட்டவணைகளை ஆக்கும் சூப்பர்கால்க் முதலியனவும் சிபி/எம் தளத்தில் வழங்கின. முதன்முறையாகச் சிறு கணிப்பொறி வாங்கிய ஒருவர், தம் தேவைக்கேற்ப மென்பொருள்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பரவலாகப் பெற்றார். 1981 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஆஸ்போர்ன் என்னும் பெயர்த்தெடுத்துச் செல்லத்தக்க கணிப்பொறி, சிபி/எம் தளத்தோடு வேர்டுஸ்டாரையும் சூப்பர்கால்க்கையும் சேர்த்தே அளித்தது.

ஆயினும் எல்லாம் எளிதாகிவிட்டது என்று கருதுதல் தவறு. வேர்டுஸ்டாரை வாங்கியவர் முதலில் அதனுடன் வரும் நிறுவல் நிரலை இயக்கி, தம்மிடம் உள்ள திரை யாது, அச்சுப்பொறி யாது என்று பட்டியலிலிருந்து தேர்ந்து சொல்லுதல் வேண்டும். தவறாகத் தேர்ந்தால் திரையில் எழுத்துக்கள் தாறுமாறாகத் தோன்றும். மேலும், ஐந்தேகால் அங்குல வட்டுகள் வந்தபின், ஒரு நிறுவனத்தார் பொறியில் எழுதிய வட்டை மற்றொரு நிறுவனத்தார் பொறி படிக்க இயலாத நிலையும் பல இடங்களில் ஏற்பட்டது. மென்பொருள் ஒன்றாயினும் வட்டின் அமைப்பு வேறுபட்டதே அதற்குக் காரணம். அதனால் மென்பொருள் வாங்குவோர் அதன் பெயரை மட்டும் சொல்லாமல், தம் பொறியின் பெயரையும் சேர்த்துச் சொல்லி வாங்கினர்.

இத்தகைய குறைகள் இருந்தபோதிலும் சிபி/எம் விரைந்து பரவிற்று. 1981 ஆம் ஆண்டளவில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட உரிமங்கள் விற்கப்பட்டிருந்தன. சிறு கணிப்பொறி உலகில் கில்டாலின் பெயர் மிக உயர்ந்து விளங்கிற்று.

ஐ.பி.எம். நிகழ்ச்சி

1980 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். என்னும் பெருநிறுவனம் தானும் சிறு கணிப்பொறி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவரத் திட்டமிட்டது. அதற்கு இயங்குதளம் வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தை அவர்கள் அணுகியபோது, அந்நிறுவனத்தின் தலைவரான பில் கேட்ஸ் தம்மிடம் இயங்குதளம் இல்லாமையால் அவர்களைக் கில்டாலிடம் அனுப்பினார். ஐ.பி.எம். அலுவலர்கள் பசிபிக் குரோவுக்கு வந்தனர். அன்று முற்பகலில் கில்டால் வேறொரு வாடிக்கையாளரைக் காணும் பொருட்டுத் தம் சிறு விமானத்திற் சென்றிருந்தார். வந்தவர்கள் பேச்சைத் தொடங்குமுன் ஓர் இரகசிய ஒப்பந்தத்தில் கையொப்பம் கேட்டனர். அவ்வொப்பந்தம் ஒருபக்கமாக அமைந்திருந்தது என்று கருதிய டோரத்தி அம்மையாரும் அவர்தம் வழக்கறிஞரும் உடனே கையொப்பமிடத் தயங்கினர். பின்னர் என்ன நிகழ்ந்தது என்பது குறித்து இரு திறத்தாரும் வெவ்வேறு வகையாகக் கூறுவர். இறுதியில் ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்பது மட்டும் உறுதி.

ஐ.பி.எம். மீண்டும் மைக்ரோசாப்டிடம் சென்றது. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்னும் பொறியாளர், சிபி/எம் தளத்திற்கு எழுதிய மென்பொருள்களை எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்க வகையில், புதிய நுண்செயலிக்கு உரிய இயங்குதளம் ஒன்றை எழுதியிருந்தார். அதன் உரிமையை மைக்ரோசாப்ட் விலைக்குப் பெற்று, ஐ.பி.எம்.முக்கு வழங்கிற்று. 1981 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் ஐ.பி.எம். கணிப்பொறி வெளிவந்தது. அதன் இயங்குதளம் தம்முடையதைப் பெரிதும் ஒத்திருக்கக் கண்டு கில்டால் வருந்தினார், ஐ.பி.எம்.மிடம் முறையிட்டார். வாங்குவோர் விரும்பினால் கில்டாலின் இயங்குதளத்தையும் தேர்ந்துகொள்ளலாம் என்று ஐ.பி.எம். ஒப்புக்கொண்டது.

தேர்வு செய்யும் உரிமை மக்களிடம் வந்தது. ஆனால் கடையில் வைக்கப்பட்ட விலைகள் யாவை? மைக்ரோசாப்டின் இயங்குதளம் 40 டாலர். கில்டாலின் இயங்குதளம் 240 டாலர். பின்னது சில திங்கள் காலந்தாழ்த்தும் வந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து இயக்கிப் பார்த்துத் தேர்ந்தவர் மிகச் சிலர். விலைச்சீட்டைப் பார்த்துத் தேர்ந்தவரே பலர். மலிவானதையே மக்கள் வாங்கினர். பலரும் அதனை வாங்கியதால் மென்பொருள் எழுதுவோரும் அதற்கே எழுதினர். அதற்கே மென்பொருள் மிகுந்ததால் பின்வந்தவர்களும் அதனையே வாங்கினர். இவ்வாறு ஒரு சிறு வேறுபாடு காலப்போக்கில் பெருவெள்ளமாயிற்று. கில்டாலின் இயங்குதளம் மெல்லப் பின்தங்கியது.

ஐ.பி.எம். அலுவலர் வந்த நாளில் கில்டால் பொழுதுபோக்காக வானில் பறந்துகொண்டிருந்தார் என்று ஒரு கதை பரவிற்று. அவர் சென்றது தொழிற் கடமைக்காக; அன்று பிற்பகலே திரும்பியும் வந்தார். ஆயினும் கதை உண்மையைவிட விரைவாக நடந்தது. வாழ்நாள் முழுவதும் எங்குச் சென்றாலும் அக்கதையைப் பற்றியே பலரும் அவரை வினவினர். வாய்ப்பை இழந்தவர் என்னும் ஒரு சொல்லுக்குள் அவருடைய அறிவுப் பணி முழுவதையும் உலகம் அடக்கிவிட முயன்றது. இஃது அவர் உள்ளத்தை நெடிது வருத்திற்று.

பிற்காலப் பணிகள்

மனம் வருந்தினும் அவர் கைகள் ஓயவில்லை. ஒரே கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யத்தக்க இயங்குதளங்களை அவர் நிறுவனம் ஆக்கியது. சொற்களைத் தட்டச்சுச் செய்யாமல் திரையில் தோன்றும் படக்குறிகளைச் சுட்டியே வேலை செய்யத்தக்க ஜெம் என்னும் மென்பொருள் 1985 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறுவர்கள் கணிப்பொறியைக் கற்பதற்கு ஏற்ற லோகோ என்னும் மொழியில் கில்டால் பெரும் ஆர்வம் காட்டி, அதன் ஒரு வடிவத்தைத் தம் நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டார்.

இசையைப் பதிவு செய்யப் பயன்பட்ட குறுந்தகட்டில் நூல்களையும் பதிவு செய்யலாம் என்று அவர் எண்ணினார். அதற்கெனத் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதன் பயனாக 1985 ஆம் ஆண்டில் குரோலியர் கலைக்களஞ்சியம் குறுந்தகட்டு வடிவில் வெளிவந்தது. ஓர் அலமாரி முழுவதும் நிறைந்திருந்த தொகுதிகள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகட்டில் இடம்பெற்றன. வேண்டிய சொல்லைத் தட்டினால் அச்சொல் வரும் இடங்கள் எல்லாம் திரையில் தோன்றின.

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நடந்த கணிப்பொறி பற்றிய தொடர் நிகழ்ச்சியில் 1983 முதல் 1990 வரை அவர் இணைத்தொகுப்பாளராகப் பங்கேற்றார். தம் போட்டியாளரின் மென்பொருளாயினும் அதன் நன்மையை மறையாமல் பாராட்டினார். அதன் இயல்பைக் கேட்போர்க்கு எளிதில் விளங்குமாறு உரைத்தார். ஆசிரியராக விரும்பிய இளமைக் கனவு இவ்வாறு பல்லாயிரவர்க்குக் கற்பிக்கும் பணியாக நிறைவேறியது எனலாம்.

மறைவும் புகழும்

1991 ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனத்தை நோவல் என்னும் நிறுவனம் வாங்கிக்கொண்டது. தம் நினைவுகளைத் தொகுத்து 1993 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதிய கில்டால், அதனைச் சில படிகள் மட்டும் எடுத்து உறவினர்க்கும் நண்பர்க்கும் வழங்கினார். அடுத்த ஆண்டில், 1994 ஜூலைத் திங்கள் 11 ஆம் நாள், தலையில் ஏற்பட்ட காயத்தின் விளைவாக மான்டெரேயில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 52. பிறந்த நகரமாகிய சியாட்டிலிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

உலகம் காலந்தாழ்ந்தேனும் அவரை நினைவுகூர்ந்தது. 2014 ஆம் ஆண்டில், பசிபிக் குரோவில் அவருடைய நிறுவனம் முன்னர் இருந்த கட்டடத்தின் முகப்பில், உலக மின்பொறியாளர் சங்கமாகிய ஐ.இ.இ.இ. நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தது. சிபி/எம் தளமும் பயாஸ் அமைப்பும் தனியாள் கணிப்பொறிப் புரட்சிக்கு அடித்தளமாயின என்று அது போற்றுகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகம் சிபி/எம் தளத்தின் தொடக்கக்கால நிரல்களை மாணவரும் ஆய்வாளரும் படிக்கும் வண்ணம் வெளியிட்டது. அவர் எழுதிய நினைவு நூலின் முற்பகுதியும் 2016 ஆம் ஆண்டில் அவ்வருங்காட்சியகத்தின் வாயிலாக வெளிவந்தது.

கல்லிற் பொறித்த புகழைவிடக் கருவிகளிற் பதிந்த புகழே அவருக்குப் பெரிது. வட்டு இயக்கிகளுக்கு ஏ, பி, சி என எழுத்துக்களால் பெயரிடும் வழக்கத்தைச் சிறு கணிப்பொறிகளிற் பரப்பியது சிபி/எம் தளமே. விண்டோஸ் தளத்தில் முதன்மைச் சேமிப்பகம் இன்றும் சி என்னும் எழுத்தாற் சுட்டப்படுவது அவ்வழக்கத்தின் எச்சமாகும். ஏ, பி என்னும் எழுத்துக்கள் நெகிழ்வட்டுகளுக்கு உரியனவாக இருந்தன. நெகிழ்வட்டுகள் மறைந்தும் அவற்றுக்கு உரிய எழுத்துக்கள் மறையவில்லை. பயாஸ் என்னும் சொல் பல்லாண்டு கணிப்பொறிகளில் வழங்கியது. அதன் இடத்தில் புதிய அமைப்புகள் வந்தபோதும் பழைய பெயரைப் பலர் இன்னும் வழங்குகின்றனர். பல நிறுவனங்கள் செய்யும் செல்பேசிகளில் ஒரே மென்பொருள் இயங்குவதற்கும், பொதுப்பகுதியையும் பொறிக்குரிய பகுதியையும் அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கும் அதே நெறியே அடிப்படையாகும்.

கில்டாலின் வாழ்க்கை மாணவர்க்கு உணர்த்தும் உண்மைகள் பல. பலவற்றுள் பொதுவானது எது, தனித்தனியே உரியது எது என்று பகுத்தறிதல் எல்லாத் துறைக்கும் வேண்டிய அறிவு. ஒருவருடைய பெருமையை அவர் ஈட்டிய பொருளால் மட்டும் அளத்தல் தகாது. அவரைப் பற்றி ஊர் பேசும் ஒரு கதையால் அளத்தல் அதனினும் தகாது. இவற்றோடு நாள்தோறும் பயன்படும் பாடம் ஒன்றும் உண்டு. நம் கருவிக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அது மலிவானதா, பலரும் வைத்திருப்பதா என்று மட்டும் பார்த்தல் போதாது. அது நம் தேவைக்கு ஏற்றதா, நம் கருவியோடு பொருந்துவதா, நாளை வேறொரு கருவிக்கு மாற நேர்ந்தால் நாம் எழுதியவற்றை உடன் கொண்டுசெல்ல விடுவதா என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை எளிதில் கிடைத்ததன்று. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், தேய்ந்துபோன வட்டு இயக்கியை வைத்துக்கொண்டு இரவும் பகலும் உழைத்த ஓர் ஆசிரியர் நமக்குத் திறந்துவைத்த வாயில் அது. அதனை அறிவோடு பயன்படுத்துவதே அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.